கேட்டவர்களுக்குக் கிடைத்த அமைச்சரவை

இன்று மதியம் ஒரு பழைய புகைப்படத்தில் கண் நின்றுவிட்டது. சீனத்தின் கடைசிப் பேரரசர் புயி. பக்கத்தில் அப்பா, இளவரசர் சுன்.

1908இல் மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளைக்குப் பட்டம் கட்டினார்கள். நாட்டை ஆண்டது அந்த அப்பாதான். அவருக்கே அப்போது 25 வயது.

எனக்கு மனசு ஆறாதது வேறொன்று.

1909இல் மாகாணச் சபைகள் கூடின. அங்கே வந்தவர்கள் துப்பாக்கி தூக்கவில்லை. நாடாளுமன்றத்தைச் சீக்கிரம் கூட்டுங்கள் என்று 1910 முழுக்க மனுமேல் மனு கொடுத்தார்கள்.

1911 மே 8 அன்று அமைச்சரவை வந்தது. மொத்தம் 13 பேர். நாட்டின் மிகப் பெரும்பான்மையான ஹான் மக்களுக்கு நான்கே இடம். பிரதமரும் மஞ்சு இனத்து அரச குடும்பத்தின் இளவரசர்தான்!

மறுநாளே ரயில் பாதைகளை அரசே எடுத்துக்கொள்ளும் என்று ஆணை. சிச்சுவான் மாகாணத்தில் அந்த ரயிலுக்காகச் சாதாரண நிலக்காரர்கள்கூட வரியோடு பங்குப் பணம் கட்டியிருந்தார்கள். கொதிக்காமல் இருப்பார்களா? கடையடைப்பு, வரி மறுப்பு, அப்புறம் அதன் தலைநகர் செங்டூவில் துப்பாக்கிச் சூடு. அடக்குவதற்கு ஹூபே மாகாணத்திலிருந்து படை போனது. அந்த ஹூபேயின் வூசாங் நகரில்தான் அக்டோபர் 10 அன்று படைவீரர்களே கிளர்ந்தார்கள்.

அதன்பின் மாகாணம் மாகாணமாகக் கைவிட்டுப் போனது. மனு கொடுத்த சபைக்காரர்கள் பலரும் புரட்சிப் பக்கம் சேர்ந்தார்கள். அவர்களைத் துரோகிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரசவை அவர்களை ஒருமுறையாவது கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கலாம். 1910இல் அதற்கு நேரம் இருந்தது.