மாராவிலிருந்து ஆஸரோத் வரைக்கும்

வேதாகமத்தை வரிசையாக வாசிக்கிறவர்கள்கூட எண்ணாகமம் 33-ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் வேகமாகத்தான் தாண்டுவார்கள். எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலர் புறப்பட்டார்கள், பாளயமிறங்கினார்கள், மறுபடியும் புறப்பட்டார்கள் என்று ராமசேஸில் தொடங்கி மோவாப் சமவெளி வரை ஊர்ப் பெயர்களாகவே போகும். சீனாய்ப் பயணத்தில் எங்கள் பாஸ்டர் பஸ்ஸில் வாசிக்கச் சொன்னது இந்த அதிகாரத்தைத்தான்.

சூயஸ் கால்வாய்க்கு அடியில் போகிற சுரங்கப்பாதையைக் கடந்து தெற்கே திரும்பினால் அயூன் மூஸா, அதாவது மோசேயின் ஊற்றுகள். பேரீச்ச மரங்களுக்கு நடுவே பழைய கிணறுகள், பல மணல் மூடிக் கிடக்கின்றன. இஸ்ரவேலர் கசப்பான தண்ணீரைக் கண்ட மாரா இதுதான் என்று காட்டுகிறார்கள். இன்னும் தெற்கே உள்ள ஐன் ஹவாராதான் மாரா என்பவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் சரி, மூன்று நாள் தண்ணீரில்லாமல் நடந்து வந்து, கிடைத்த தண்ணீரும் கசந்தால் எப்படியிருக்கும் என்பது அந்த வெயிலில் நின்றால் புரியும். "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்" என்ற வசனம் அந்த இடத்தில்தான் சொல்லப்பட்டது என்று பாஸ்டர் நினைவுபடுத்தினார். அங்கேயே எல்லோரும் ஜெபித்தோம்.

அப்புறம் வாடி ஃபைரான். மொட்டை மலைகளுக்கு நடுவே திடீரென்று பச்சைப் பசேலென்று பேரீச்சந்தோப்பு. இஸ்ரவேலர் அமலேக்கியரோடு யுத்தம் பண்ணின ரெவிதீம் இங்கேதான் என்பது 4-ஆம் நூற்றாண்டு யாத்திரிகர் காலத்திலிருந்து வருகிற நம்பிக்கை. அந்த யுத்தத்தின்போது ஆரோனும் ஊர் என்பவரும் மோசேயின் கைகளைத் தாங்கிப் பிடித்த மலை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள்.

2,285 மீட்டர் உயர மோசே மலையில் இரவில் ஏறுவதையும், 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் கட்டிய புனித கேத்தரின் மடத்தையும், மோசே எரியக் கண்டது என்று அங்கே காட்டுகிற முட்செடியையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது அதற்கடுத்த இடம். மடத்திலிருந்து நுவைபா போகிற வழியில், சிவப்பும் மஞ்சளுமான பாறைகளுக்குக் கீழே ஐன் ஹுத்ரா என்று ஒரு சின்ன பசுஞ்சோலை, மேலிருந்து பார்த்தால் ஒரு கைப்பிடி அளவுதான் தெரியும். இஸ்ரவேலர் பாளயமிறங்கிய ஆஸரோத் இதுதான் என்று பலர் கருதுகிறார்கள்.

மோசேயின் சகோதரி மிரியாம் அவருக்கு விரோதமாகப் பேசி, குஷ்டம் பிடித்து, ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே இருந்தது ஆஸரோத்தில்தான். அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்வரை அத்தனை ஜனமும் புறப்படாமல் இருந்தது. தப்புச் செய்தவளுக்காக ஒரு ஜனமே காத்திருந்திருக்கிறது! ஆனால் எண்ணாகமம் 33-இல் ஆஸரோத்துக்கு வந்தார்கள், போனார்கள், அவ்வளவுதான். சீனாய் வனாந்தரமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அங்கே ஜனங்கள் பொன் கன்றுக்குட்டி செய்து வணங்கியது பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் மாராவுக்கு அடுத்து அவர்கள் இறங்கிய ஏலிமுக்கு 12 நீரூற்றுகளும் 70 பேரீச்ச மரங்களும் மறக்காமல் எழுதப்பட்டிருக்கின்றன. இதை எழுதச் சொன்னது கர்த்தர் என்று அதே அதிகாரம் சொல்கிறது. அவர் நம் வழியை இப்படித்தான் எழுதி வைக்கிறார் என்று பாஸ்டர் சொன்னபோது, பக்கத்தில் நின்ற ஒரு அக்கா அழுதுவிட்டார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை.

இஸ்ரேலுக்குள் நுழையும் தாபா எல்லைக்கு அந்த வழியாகப் போகிறவர்கள் கைடிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் பஸ் நிற்காது. எண்ணாகமம் 12-ஐயும் 33-ஐயும் அங்கே நின்று சேர்த்து வாசியுங்கள்.