ஏனுங்க, கடிக்குங்களா?

லிஃப்ட் கேட்டு வண்டி நின்றால் டிரைவர் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கீழே குனிந்து பொட்டு என்கிற என் நாயைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கடிக்குங்களா?" என்பார்.

ரொம்ப நாள் வரைக்கும் "ஐயோ, பச்சப் புள்ளைங்க அது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு. கடிக்காது என்று சொல்லிவிட்டால் அடுத்த நொடியே ஒரு கை அவள் தலைக்கு மேலே வந்துவிடும். ஒரு லாரியில் கிளீனர் தம்பி அப்படித்தான், பாசமாகத்தான், சீட்டிலிருந்து கையை நீட்டினான், அவள் வெடுக்கென்று விரலைக் கவ்விவிட்டாள். தோல் லேசாகக் கிழிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. குழாயடியில் நிறுத்தி சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வைத்தேன். அவனுக்கு அது நக்கலாக இருந்தது, "இத்துனூண்டு கீறலுக்காண்ணா?" என்றான். பொட்டுக்கு வருஷா வருஷம் வெறிநாய் ஊசி போடுகிறேன், புத்தகம் இருக்கிறது, ஆனாலும் அவனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் முதல் ஊசியைப் போட வைத்துவிட்டுத்தான் விட்டேன். இந்த ஒரு விஷயத்தில் 'பார்த்துக்கலாம்' என்பதே கிடையாது, நோய் வந்தபின் காப்பாற்ற வழியில்லை.

இப்போது யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். "தொட்டா பயப்படுவாளுங்க, தொடாம இருந்தா தூங்கிருவா." அந்த ஊசிப் புத்தகத்தின் போட்டோவும் போனில் இருக்கிறது. பாதிப் பேர் அதைப் பார்த்ததும் ஏற்றிக்கொள்வார்கள்.

நான் இருப்பது ஆசனூரில். பேங்க், மருந்து, பெரிய சாமான் எது என்றாலும் திம்பம் மலையிறங்கி சத்தியமங்கலம் போக வேண்டும். எனக்கு வண்டி ஓட்ட வராது. பஸ்ஸில் நாயை ஏற்றுவது கண்டக்டர் மனசைப் பொறுத்தது என்கிறார்கள், அந்த மனசுள்ள கண்டக்டர் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. வீட்டிலேயே விட்டுப் போகலாமே என்று ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்டாயிற்று. எங்கள் பக்கம் வாசலில் கட்டிப்போட்ட நாய் என்றால் அது சிறுத்தைக்கு எடுத்து வைத்த சோறு. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் காலையில் எழுந்து பார்த்தால் செயின் மட்டும் கிடந்தது. உள்ளே வைத்துப் பூட்டினாலோ கதவைப் பிராண்டி நகத்தைப் பிய்த்துக்கொள்கிறாள். ஆகவே கூட்டிப் போவதுதான் இருப்பதில் கொஞ்சம் பத்திரமான வழி.

இந்த ரோட்டில் லிஃப்டுக்கு ஒரு தனி விதி உண்டு, மற்ற ஊர்க்காரர்களுக்கு அது தேவைப்படாது. இது புலிகள் காப்பகத்துக்கு நடுவே போகிற ரோடு. "திம்பம் வரைக்கும்தாங்க போறேன், அங்க இறக்கி விடட்டுமா?" என்பார்கள். வேண்டாம் என்று விடுவேன். மனுஷன் மட்டும் என்றால் டீக்கடையில் நின்று அடுத்த வண்டி பிடிக்கலாம், நாயோடு காட்டு ரோட்டோரம் நிற்பது சிறுத்தையைக் கூப்பிட்டு விருந்து வைப்பது மாதிரி. காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரியை எதிர்பார்த்து யானை நிற்கும். அதைப் பார்த்துக் குரைத்த நாய் திரும்பி ஓடி வரும் இடம் உங்கள் கால்தான், யானையும் பின்னாலேயே வரும். நம் நாயால் காட்டுக்கும் ஆபத்துதான். 2018இல் கிர் காட்டில் இருபதுக்கு மேல் சிங்கங்கள் செத்ததில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸுக்கும் பங்கிருந்தது. அதனால் அந்தத் தடுப்பூசியையும் விடுவதில்லை, வழியில் அவளை இறக்குவதும் இல்லை. ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எல்லாம் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். முட்டைக்கோஸ் ஏற்றிய வண்டியாக இருந்தால் டிரைவரே அதைத்தான் முதலில் கேட்பார்.

அதிகம் கிடைப்பது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டிதான். பின்னால் சாமானோடு நாங்களும். போன வருஷம் வரைக்கும் பொட்டின் கழுத்து பெல்ட்டில் நீளமான கயிறு கட்டி, மறுமுனையைப் பக்கக் கம்பியில் முடிந்து வைப்பேன், தாராளமாக நடமாடட்டும் என்று. ஒரு கொண்டை ஊசி வளைவில் குரங்குக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு முன்னங்கால் இரண்டையும் பலகைமேல் தூக்கி வைத்துவிட்டாள். வண்டி திரும்பிய வேகத்தில் பாதி உடம்பு வெளியே. வாலையும் ஒரு பின்னங்காலையும் சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்தேன். இழுத்தபின்தான் கயிற்றைப் பார்த்தேன். விழுந்திருந்தால் தரையைத் தொடும் நீளம்கூட இல்லை, பலகைக்கு வெளியே கழுத்தில் தொங்கியிருப்பாள், சத்தம் வெளியே வந்திருக்காது, டிரைவருக்கும் தெரிந்திருக்காது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுவாரமே நெஞ்சையும் முதுகையும் சுற்றி வரும் ஹார்னெஸ் வாங்கினேன். கழுத்து பெல்ட்டில் இப்போது என் போன் நம்பர் மட்டும்தான், மார்க்கரில் எழுதியிருக்கிறேன், மழையில் அழிந்தால் திரும்ப எழுதுவேன். ஓடும் வண்டியில் கயிறு ஹார்னெஸின் முதுகு வளையத்தில்தான் மாட்டும். அதன் நீளம் அவள் படுத்துப் புரள மட்டும் போதும், நின்றால் பலகைக்கு மேல் மூக்கு தெரியலாம், கால் ஏறக் கூடாது. மறுமுனை தரையோடு இருக்கும் கொக்கியில். கையில் பிடித்துக்கொண்டாலே போதாதா என்றால், 18 கிலோ நாய் துள்ளும்போது நம் கை என்ன செய்யும் என்று அந்த வளைவில் நான் பார்த்துவிட்டேன்.

லாரி கேபின் என்றால் வேறு கதை. பழைய லாரிகளில் டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மேடு இருக்கும், மலையேறி முடிக்கும்போது அது தோசைக்கல். நமக்குச் செருப்பு இருக்கிறது, அவளுக்கு வெறும் பாதம். ஒரு கோணிச்சாக்கை நாலாக மடித்துப் பையில் எப்போதும் வைத்திருக்கிறேன், அவள் ஏறும் முன்பே அதை விரித்துவிடுவேன். சாமி படம் மாட்டிய வண்டியில் சிலர் நாய் வேண்டாம் என்பார்கள், அது அவர்கள் இஷ்டம். சிலரோ "பைரவருங்க, வரட்டும்" என்று தாங்களே கதவைத் திறப்பார்கள். இறங்குவது எப்போதும் இடது கதவில், ரோட்டோரப் பக்கம். முதலில் நான், பிறகு அவள், கடைசியில்தான் பை. முன்பெல்லாம் பையை முதலில் போட்டுவிட்டு அவளைக் கூப்பிடுவேன், ஒருதடவை கதவு சாத்திய சத்தத்தைக் கேட்டு டிரைவர் கியர் போட்டுவிட்டார், அவள் உள்ளே, நான் வெளியே. பத்தடிதான். ஆனாலும்.

திம்பத்துக்கு 27 வளைவு. கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பே சோறு நிறுத்திவிட்டால் வாந்தி வராது, வந்தாலும் தண்ணீரோடு போகும். இந்த வாந்தி இன்னொரு விதத்திலும் உதவுகிறது. நின்ற வண்டியில் சாராய வாடை வந்தாலோ, ஆள் சரியில்லை என்று பட்டாலோ, "வேண்டாங்கண்ணா, இது வழியெல்லாம் வாந்தி எடுக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். யாரும் மறுபடி ஏறச் சொல்லி வற்புறுத்த மாட்டார்கள், யாருக்கும் மனசு நோகாது.

மலையை விட ஊருக்குள்தான் எனக்குப் பயம். சத்தியில், அதாவது சத்தியமங்கலத்தில், வேலை என்றால் மெடிக்கல், பேங்க், ஒரு மளிகைக் கடை. ரெண்டே நிமிஷம்தானே என்று மெடிக்கல் வாசலில் நின்ற ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் கேரியரில் கயிற்றைச் சுற்றிவிட்டு உள்ளே போனேன். எதிரே இன்னொரு நாய் வந்திருக்கிறது. பொட்டு பாய்ந்ததும் வண்டி சாய்ந்துவிட்டது, அந்தச் சத்தத்துக்குப் பயந்து அவள் ஓட, ஓட ஓட வண்டி பின்னாலேயே தார் ரோட்டில் கரகரவென்று இழுபட, அது துரத்துகிறது என்று நினைத்து இன்னும் மிரண்டு இழுத்திருக்கிறாள். வெளியே ஓடி வந்தால் ரோடு முழுக்க ஹாரன், கைப்பிடி வளைந்த எக்ஸ்எல், அதன் அடியில் ஒடுங்கி மூத்திரம் விட்டுக்கொண்டு அவள். வண்டிக்காரர் பெரியவர், வாய் நிறையத் திட்டினார். அவர் திட்டியதில் ஒரு தப்பும் இல்லை. 1,200 ரூபாய் கொடுத்தேன். அவருடைய வண்டியில் என் நாயைக் கட்ட நான் யார்?

அசையக்கூடிய எதிலும் கட்டுவதில்லை என்று அன்றோடு முடிவு. சைக்கிள், பிளாஸ்டிக் சேர், கடை ஷட்டர் கைப்பிடி (யாராவது ஷட்டரை ஏற்றினால் கயிறும் கூடவே மேலே போகும்), நிறுத்தியிருக்கும் வேன், எதுவும் ஆகாது. கம்பத்தில் கட்டலாம், ஆனால் தெருநாய்கள் நாலு சூழ்ந்தால் கட்டிய நாய் ஓடவும் முடியாது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடை அக்கா இருக்கிறார், அவர் கடை பெஞ்சுக்கு அடியில்தான் இப்போது அவள் இடம். கயிறு அக்கா கையில், சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் கையில் கொடுத்தாலும் சரி, பிள்ளைகள் கையில் மட்டும் கொடுப்பதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும். பெஞ்சு காலியில்லாத நாளில் அவளையும் கூட்டிக்கொண்டே கடை கடையாக ஏறுவேன், வேண்டாம் என்கிற கடைக்கு அடுத்த வாரம் போகலாம்.

ஒருநாள் காரில் கூட்டி வந்த ஒருவர், நல்ல மனுஷன், "பேங்க்ல வேலைய முடிச்சுட்டு வாங்க, அது வண்டியிலயே இருக்கட்டும், கண்ணாடிய கொஞ்சம் இறக்கி விடறேன்" என்றார். மார்ச் மாசம், 11 மணி. வேண்டாம் என்றதும் அவர் முகம் சுண்டிவிட்டது. வெளியே 24 டிகிரி இருக்கும்போதே மூடிய காருக்குள் பத்து நிமிஷத்தில் 34 ஆகிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குவதால் பெரிய வித்தியாசம் கிடையாது. நாய் வேர்த்துக் குளிர்கிற ஜாதி இல்லை, மூச்சிரைத்தே சூட்டை வெளியேற்ற வேண்டும், சுற்றியுள்ள காற்றே கொதித்தால் எங்கே போகும்? எச்சில் கோந்து மாதிரி கெட்டியாகி, ஈறு ரத்தச் சிவப்பாகி, நடை தள்ளாட ஆரம்பித்தால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை டாக்டரிடம் ஓட வேண்டியதுதான். தார் ரோட்டுக்கும் ஒரு சோதனை உண்டு. புறங்கையை வைத்து அஞ்சு நொடி தாங்கவில்லை என்றால் அவளை நடக்க விடுவதில்லை, தூக்கிக்கொள்வேன். சத்தி ஜனங்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மூணு மணிக்கெல்லாம் எது முடிந்தது எது முடியவில்லை என்று பார்க்காமல் திரும்பிவிடுவேன். 2022 பிப்ரவரியிலிருந்து இந்த மலை ரோட்டில் ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை, லாரிகளுக்குச் சாயங்காலம் 6 மணியோடு சரி. மலையடிவாரத்துப் பண்ணாரி செக்போஸ்ட்டில் ஒருநாள் 6 மணி தாண்டி மாட்டிக்கொண்டோம். வரிசையாக லாரிகள் நின்றன, லிஃப்ட் கேட்க ஒருவரும் நகரப் போவதில்லை. கடைத் திண்ணையில் ஹார்னெஸ் கயிற்றை என் இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு சாக்கை விரித்துப் படுத்தேன். நடுராத்திரி ஒரு டிரைவர் வந்து காலைத் தட்டி எழுப்பினார். "ஏனுங்க, நாய் குளுர்ல நடுங்குதுங்க, கேபின்ல படுக்க வைங்க" என்றார். நானும் எழுந்தேன். "நீங்க இங்கயே படுங்க, எடம் இல்ல" என்றார்.

கயிறு என் இடுப்பில் இருந்ததால், வேறு வழியில்லாமல் என்னையும் ஏற்றிக்கொண்டார்.