விதைத் தீனியிலிருந்து காக்கட்டீலை மீட்ட கதை

எங்களிடம் வந்து சேர்வதற்கு முன், எங்கள் காக்கட்டீல் (கொண்டையுள்ள சிறு கிளியினம்) சூரியகாந்தி விதையையும் தினையையும் தவிர வேறு எதையும் தின்று பழகியதில்லை. முதல் பரிசோதனையில் பறவை மருத்துவர் அதன் அலகைத் திறந்து, மேலண்ணப் பிளவின் ஓரத்தில் கூர்மையாக இருக்க வேண்டிய சிறு முட்கள் மழுங்கிப் போயிருப்பதைக் காட்டி, இது விட்டமின் ஏ பற்றாக்குறையின் அடையாளம் என்றார். விதைகளில் கொழுப்பு மிகுதி. விட்டமின் ஏ, கால்சியம் இரண்டும் மிகக் குறைவு. இதே தீனி தொடர்ந்தால் மூச்சுப்பாதைத் தொற்றும் கல்லீரலில் கொழுப்பு படிவதும் வரக்கூடும் என்பதால், பெல்லட்டையும் (சத்துகள் சேர்த்துச் சிறு உருண்டைகளாக்கிய தயார் தீனி) காய்கறிகளையும் முதன்மை உணவாக்க முடிவு செய்தோம்.

"பட்டினி போட்டால் தானாகத் தின்னும்" என்று அறிவுரை சொன்னவர்களுக்குக் குறைவில்லை. நாய்க்குட்டிக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். ஏறத்தாழ 90 கிராம் எடையுள்ள ஓர் உயிர், ஓரிரு நாள் தின்னாமல் இருந்தாலே ஆபத்தில் விழுந்துவிடும். அதிலும், பெல்லட்டை உணவென்றே அறியாத பறவை, நிறைந்த கிண்ணத்தின் அருகிலேயே பசியால் சாகக்கூடும். எனவே தீனியை வாங்கும் முன்பே, ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி, அதன் மேல் உட்காரும் குச்சியைப் பொருத்தினோம். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன், நாள்தோறும் எடை பார்த்தோம். தொடக்க எடை 94 கிராம். பத்து விழுக்காடு குறைந்தால், அதாவது 85-க்கு இறங்கினால், உடனே பழைய தீனிக்குத் திரும்பிவிட்டுத் தமக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மருத்துவரின் கண்டிப்பு.

தீனிக் கிண்ணத்தை நம்ப முடியாது என்பதை இந்த வேலையில் இறங்கியவர்கள் விரைவில் உணர்வார்கள். விதை தின்னும் பறவை உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும் என்பதால், காலியான கிண்ணமும் நிறைந்ததாகத் தோன்றும். பெல்லட்டிலோ நேர் எதிராக, கடித்துத் தூளாக்கிக் கீழே தள்ளியதெல்லாம் தின்று தீர்த்தது போல் இருக்கும். உண்மையைச் சொல்வது எச்சந்தான். கூண்டின் அடியில் வெள்ளைத்தாளை விரித்து, திடப்பகுதி, வெள்ளைப்பகுதி, நீர்ப்பகுதி மூன்றையும் தனித்தனியே கவனித்தோம். வயிறு காலியாக இருக்கும்போது திடப்பகுதி மெலிந்து கரும்பச்சையாகிவிடும். பெல்லட் உள்ளே போகத் தொடங்கியதும் அது பழுப்பேறித் தடித்தது.

நாள் முழுவதும் விதை கிடைத்து வந்ததை மாற்றி, காலையிலும் மாலையிலும் அளந்து வைத்தோம். இடைப்பட்ட நேரத்தில் பெல்லட் மட்டும் இருந்தது. முதலில் அதைத் தூளாக்கி, லேசாக ஈரப்படுத்திய விதையில் புரட்டிக் கொடுத்தோம். ஈரத்தீனி கெட்டுவிடும் என்பதால் நெடுநேரம் கூண்டில் விடவில்லை. முழு பெல்லட்டை முதன்முதலில் எடுத்தபோது, கொண்டையை நிமிர்த்தி, நாக்கால் ஒரு முறை உருட்டிப் பார்த்து, தலையை உதறி எறிந்துவிட்டு, அலகைக் குச்சியில் இருபுறமும் துடைத்துக்கொண்டது. கூட்டமாக வாழும் இனம் ஆதலால் மற்றவர்கள் தின்பதைப் பார்த்தால் தானும் தின்ன முற்படும் என்று படித்திருந்தோம். மேசையில் தட்டை வைத்து, விரலால் பெல்லட்டைக் கொத்தி வாய்க்குக் கொண்டுபோவது போல் நடித்தபோதுதான் அது அருகே வந்து ஒன்றைக் கடித்து விழுங்கியது. வீட்டார் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

எடை 87-க்கு இறங்கிய கட்டத்தில் இறகுதிர்ப்பும் தொடங்கிவிட்டதால், விதையைச் சற்றுக் கூட்டி, மாற்றத்தைத் தற்காலிகமாக நிறுத்தினோம். புது இறகு முளைக்கவே உடலுக்கு நிறையப் புரதம் தேவைப்படும்போது உணவுப் போராட்டத்தையும் அதன் மேல் சுமத்தக் கூடாது.

காய்கறிகளில் கேரட் துருவலும் குடைமிளகாயும் எளிதாக இறங்கின. கீரை இலைகளில் அது முதலில் குளித்தது, பிறகே கொறித்தது. அவகாடோ, சாக்லெட், வெங்காயம், காபி ஆகியவை பறவைக்கு நஞ்சு என்பதால் கூண்டின் பக்கமே போகவில்லை. தண்ணீரில் கலக்கும் விட்டமின் பொடியையும் மருத்துவர் தடுத்தார். சுவை மாறினால் பறவை குறைவாகக் குடிக்கும், நீரில் கிருமி பெருகும். பெல்லட்டில் விட்டமின்கள் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருப்பதால் அளவு மிஞ்சி அதுவே தீங்காகவும் முடியலாம்.

இப்போது அதன் தீனியில் பெரும்பகுதி பெல்லட், மீதியில் பெரும்பாலும் காய்கறி. விதை, தராசில் ஏறி நிற்பதற்குக் கையிலிருந்து கிடைக்கும் கூலியாக மட்டுமே வருகிறது. எடை 92-க்கும் 95-க்கும் இடையில் நிலைத்துவிட்டதால் வாரம் ஒரு முறை பார்த்தால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால், பறவைகள் நோயை வெளிக்காட்டாமல் மறைப்பதில் வல்லவை என்பதால், நாங்கள் தினமும் பார்க்கும் வழக்கத்தை விடவில்லை.