ஆடு காயட்டும்: மே மாதக் குறிப்புகள்

மே 5, திங்கள்

மழை. ஆடுகள் நனைந்து நிற்கின்றன. கம்பளி கத்தரிக்கிறவர் வியாழன் வருகிறாராம். பார்ப்போம்.

மே 6, செவ்வாய்

பழைய குடியேறிகளின் வாழ்க்கையைக் காட்டுகிற எங்கள் அருங்காட்சியகக் கிராமத்தில் மெழுகுதிரிக் கொட்டில் திறந்தாயிற்று. வருவதெல்லாம் மூன்றாம் வகுப்புகள்தான். ஒன்ராறியோப் பாடத்திட்டத்தில் 1780–1850 காலக் கனடியச் சமூகங்களை அந்த வகுப்புக்குத்தான் வைத்திருக்கிறார்கள். எட்டு வயது, ஒன்பது வயதுக் கைகள்.

தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகும். தோய்ப்பதற்கு 70–75 வேணும். அதற்குக் கீழே இறங்கினால் திரியில் கட்டிகட்டியாக ஒட்டும். 80க்கு மேலே ஏறவிட்டால் ஏற்கெனவே பிடித்த படையையும் உருக்கிக்கொண்டு போய்விடும். பிள்ளை தோய்த்துக்கொண்டே இருக்கும், திரி தடிக்காது, கடைசியில் கண் கலங்கும். வெப்பமானி போடாமல் இதை நடத்தவே கூடாது. அந்தக் காலத்தில் வெப்பமானியா இருந்தது என்று கேட்கிற பெரியவர்கள் வருவார்கள். அந்தக் காலத்தில் ஒருத்தி ஒரே பானையோடு நாள் முழுக்க நின்று கை பழகினாள். இங்கே முக்கால் மணித்தியாலத்துக்கு ஒரு புது வகுப்பு.

முதல் தோய்ப்பு மட்டும் நீளம். திரிக்குள் இருக்கிற காற்று குமிழ் குமிழாக வந்து ஓயும்வரை பிடிக்க வேணும். வெளியே எடுத்துக் கொஞ்சம் ஆறியதும் இரண்டு விரலால் இழுத்து நேராக்க வேணும். இதை விட்டால் மெழுகுதிரி கடைசிவரை கோணல்தான். பிறகு உள்ளே, வெளியே, அவ்வளவுதான். உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைதான் தன் மெழுகுதிரியைத் தானே கரைக்கிறது. வரிசையில் சுற்றி நடக்கவைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். மெழுகுத் தகரம், குளிர்தண்ணி வாளி, திரும்பவும் தகரம். வாளியிலிருந்து எடுத்ததும் சொட்டுத் தண்ணியைத் துணியால் ஒற்ற வேணும். படைகளுக்கு இடையில் தண்ணி அகப்பட்டால் எரியும்போது படபடவென்று வெடிக்கும்.

தகரம் எப்போதும் கொதிதண்ணிச் சட்டிக்குள். நேரடி நெருப்பில் ஒருநாளும் இல்லை. மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேணும். மெழுகு பற்றினால் மூடியால் மூடுவது, தண்ணி ஊற்றுவதில்லை.

மே 7, புதன்

மழை.

மே 8, வியாழன்

வரவில்லை. வந்தாலும் பயனில்லை. நனைந்த ஆட்டைக் கத்தரித்தால் கம்பளி மூட்டைக்குள் வெந்து பூஞ்சணம் பிடிக்கும், கத்தரிக்கிறவருக்கும் ஆகாது. மேலே தடவினால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். விலாவில் கையை ஆழவிட்டுப் பார்த்தால் தெரியும் எவ்வளவு ஈரமென்று.

விக்டோரியா தின நீள வார இறுதிக்கு, 17ஆம் தேதி, புதுக் கம்பளி வேணும். போன வருட மூட்டையைத் திறந்தால் அந்துப்பூச்சி. மிச்சத்தில் கொழுப்பு இறுகிப்போய், பிசின் மாதிரிக் கையில் பிடிக்கிறது. பிள்ளைகளிடம் கொடுக்கிற சாமானில்லை.

இன்று பட்டர். 35 சதவீதக் கிறீம், 250 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தலில் 100க்கு மேல் விடக் கூடாது. இடமில்லாவிட்டால் கிறீம் அடிபடாது, வெறுமனே ஆடும். நாலு பிள்ளைக்கு ஒரு போத்தல். 15 பாகை அளவில் இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரளும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கொடுத்தால் அரை மணித்தியாலம் குலுக்கினாலும் நடக்காது. வெயிலில் வைத்துவிட்டால் திரளும், ஆனால் எண்ணெய்ப் பசையாக, கழுவ முடியாமல். போத்தலின் முகப்பை வாசிக்க வேணும். கராஜீனன் (கடற்பாசியிலிருந்து எடுக்கிற தடிப்பாக்கி) சேர்த்த கிறீம் இழுத்தடிக்கும்.

சத்தத்தைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தால் போதும். முதலில் சளசள. பிறகு சத்தமே இல்லை, போத்தல் சுவர் முழுக்க வெள்ளை அப்பியிருக்கும். இந்த இடத்தில்தான் எல்லோரும் முடிந்துவிட்டது என்று கீழே வைப்பார்கள். விடக் கூடாது. இன்னும் இரண்டு மூன்று நிமிடத்தில் தொம் என்று ஒரு கட்டி மோதும், மோர் பிரிந்து நிற்கும். மோரை வடித்து, குளிர்தண்ணி விட்டுப் பிசைந்து ஊற்ற வேணும், தண்ணி தெளிவாக வரும்வரை. மோர் தங்கினால் நாளைக்கே புளிக்கும். மரக்கரண்டியை முன்கூட்டியே குளிர்தண்ணியில் ஊறப்போடாவிட்டால் பாதிப் பட்டர் கரண்டியோடு போய்விடும். பாற்சாமான் ஒவ்வாத பிள்ளைகளின் பட்டியல் காலையிலேயே ரீச்சரிடம் வாங்க வேணும், பாணில் பூசிக் கொடுத்த பிறகு இல்லை.

வந்தது ஸ்காபரோ வகுப்பு. பாதிப் பிள்ளைகள் தங்களுக்குள் தமிழில் கதைத்தார்கள். ஒரு பெண்பிள்ளை போத்தலைக் குலுக்கிக்கொண்டே “அம்மம்மா இதை மத்தால கடைவா” என்றாள். ரொறன்ரோவின் பிளாக் கிரீக் அருங்காட்சியகக் கிராமத்தில் இப்போது நிற்கிற ஹாஃப்வே ஹவுஸ் விடுதி அவர்களுடைய ஊர்க் கட்டடம். 1849இல் கட்டியது, கிங்ஸ்டன் வீதியும் மிட்லண்டும் சந்திக்கிற இடத்தில் நின்றது. ரீச்சருக்கே தெரியாது.

மே 9, வெள்ளி

தூறல். கத்தரிக்கிறவரின் தொலைபேசி எடுபடவில்லை.

கயிறு. 2 மீற்றர் குதிகயிற்றுக்கு 3 மீற்றர் நீளத்தில் நூல் கட்ட வேணும், முறுக்கு மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். சிசால் வேண்டாம், விரலில் சிலாம்பு ஏறும். சணல் போதும். கயிறு திரிக்கிற பொறியில் மூன்று கொளுக்கி, மூன்று புரி. கைபிடியைச் சுற்ற ஒரு பிள்ளை, மறுமுனையில் சுழல்கொளுக்கியைப் பிடித்து இழுத்து நிற்க ஒரு பிள்ளை, நடுவில் தவாளிப்பு வெட்டிய மரக்கூம்போடு ஒரு பிள்ளை. கூம்பை மறுமுனைப் பக்கம் மூன்று புரிக்கும் நடுவில் வைத்தால் அதன் பின்னால் கயிறு தானாகவே திரளத் தொடங்கும். கூம்பு நகர விரும்புகிற வேகத்தில்தான் நகர்த்த வேணும். தள்ளி ஓடினால் கயிறு தொளதொள.

கெடுவது எப்போதும் மறுமுனையில். புரி சுருங்கச் சுருங்க அந்தப் பிள்ளை ஒரு ஒரு அடியாக முன்னே வர வேணும், ஆனால் இழுவையை விடக் கூடாது. சிரித்துக்கொண்டு ஒரு கணம் தளர்த்தினால் புரி தன்மேல் தானே சுருண்டு முடிச்சு முடிச்சாகிவிடும், பிறகு அவிழாது. அப்படி ஆனதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டிக் கொடுப்பதுதான் வழி. பெரியவர் கைவைத்துச் சரிப்படுத்திக் கொடுத்த கயிற்றைப் பிள்ளை ஒரு மூலையில் போட்டுவிட்டுப் போகிறது.

நீளமயிரைக் கட்டாமல் கைபிடிப் பக்கம் விட வேண்டாம். முனையை நூலால் இறுக்கிக் கட்டிய பிறகுதான் கத்தி.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம், சரியான சனம். சோளமடல் பொம்மை. காய்ந்த மடலை வெதுவெதுப்பான தண்ணியில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டால் போதும். ஊறாதது மடிக்கும்போது கிழியும். முடிந்த பொம்மையைப் பிளாஸ்ரிக் பையில் போட்டுக் கொடுத்தால் வீட்டில் பூஞ்சணம், கடதாசிப் பைதான்.

முகம் வரைய மை கேட்டார்கள். கொடுக்கவில்லை. இந்தப் பொம்மை ஹோடனோஷோனி என்ற பூர்வீகக் குடி மக்களுடையது, அவர்கள் முகம் வைப்பதில்லை. குடியேறியவர்கள் சோளத்தையும் மடலையும் யாரிடம் கற்றார்கள் என்று சொல்லாமல் இதை ஒரு “பயனியர் கைவேலை” என்று மேசையில் வைப்பது சரியில்லை. பெயர்ப்பலகையை மாற்ற வேணும்.

மே 12, திங்கள்

தகரத்தில் மெழுகு குறைந்தால் கொதிதண்ணி ஊற்றி மட்டத்தை உயர்த்தலாம், மெழுகு மேலே மிதக்கும். ஆனால் பிள்ளை ஆழமாக விட்டால் திரி அடித்தண்ணிக்குள் போய்விடும். தகரத்தின் உள்ளே கோடு, நூலில் முடிச்சு, இரண்டும் வேணும்.

வெயில்! மத்தியானத்துக்குப் பிறகு.

மே 13, செவ்வாய்

வெயில், காற்று. ஆடுகளைப் பின்னேரம் கொட்டிலுக்குள் விட்டாயிற்று, இரவு பனியில் நிற்கக் கூடாது. தீனி நிறுத்தம். வயிறு நிறைந்த ஆட்டைக் குந்தவைத்துத் திருப்பினால் அதற்கு மூச்சு முட்டும்.

மே 14, புதன்

வந்தார். முடிந்தது.

கத்தரித்த கம்பளியை மேசையில் விரித்து, ஓரமெல்லாம் பிய்த்து எறிய வேணும். வயிற்றுப்பக்கம், வாற்பக்கம், புழுக்கை ஒட்டியது, வைக்கோல் குத்தியது. இதைப் பிள்ளைகள் கையுறையோடு செய்யலாம், மூக்கைப் பொத்திக்கொண்டு செய்வார்கள். கழுவுவதைப் பெரியவர்கள்தான் செய்ய வேணும். தண்ணி 60 பாகை. சவுக்காரம். வெங்காய வலைப்பையில் போட்டு அமுக்கி வைத்தால் போதும். கலக்கினால் கம்பளி இறுகிப் பாயாகிவிடும். தண்ணி ஆற முன்னர் எடுக்க வேணும், இல்லாவிட்டால் கரைந்த கொழுப்பு திரும்பவும் நூலிலேயே படியும். அலசும் தண்ணியும் அதே சூட்டில்.

இரண்டு பை கழுவியாயிற்று. காய இரண்டு நாள், வெயில் நின்றால்.

மே 15, வியாழன்

மப்பு. தட்டியில் விரித்த கம்பளி நடுவில் இன்னும் ஈரம்.

கம்பளியைக் கோதுகிற, கம்பிப் பல் வைத்த பலகைகள் எடுத்துத் துடைத்தாயிற்று. பிள்ளைகள் கைநிறையக் கம்பளி வைப்பார்கள். பல் மறையாத அளவுக்கு மெல்லிய படைதான் வேணும். பல்லோடு பல் உரசினால் கம்பி வளையும், விரல்மொளியும் கிழியும். தக்ளியைத் தொங்கவிட்டு நூற்கச் சொன்னால் நூல் அறுந்து தக்ளி விழும், விழும், விழும். முதலில் சுழற்றி, முழங்காலுக்கிடையில் தக்ளியை நிறுத்திவைத்து, பிறகு கம்பளியை இழுக்கவிட்டால் எட்டு வயதுக்கும் வரும். அறுவதற்குக் காரணம் பெரும்பாலும் முறுக்கு போதாமைதான்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் நேராகச் சொல்ல வேணும். 1860களில் கனபேர் கம்பளியைக் கோதுவதற்கு ஆலைக்குக் கொண்டுபோனார்கள். இதே மாதிரி இன்னொரு அருங்காட்சியகக் கிராமமான அப்பர் கனடா வில்லேஜ் காட்டுவது 1866, அங்கே கம்பளி ஆலையே இருக்கிறது. பாட்டி கணப்படுப்புக்குப் பக்கத்தில் இருந்து கோதுகிற படம் அதற்கு முந்திய தலைமுறை.

மே 16, வெள்ளி

காலை ஆறு மணி. மழை. தட்டிகளை அடுப்படிக்குள் மாற்றியாயிற்று, அடுப்பிலிருந்து இரண்டு மீற்றருக்குக் கிட்ட வேண்டாம். மேல்தட்டு காய்ந்துவிட்டது. கீழ்த்தட்டைப் பிரித்துப் புரட்ட வேணும், ஒவ்வொரு மணித்தியாலமும். ஒரு வகுப்புக்குக் காணும். இரண்டு வகுப்புக்கு…