இரண்டு மணிக்கொரு தரம்

ஜூன் 3, 2024, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு

பன்னிரண்டு, இரண்டு, நாலு. ராத்திரி அலாரம் அடிக்க அடிக்க எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கிறேன். பக்கவாதம் வந்து பதினோரு மாதம். ஒரே பக்கம் கிடந்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்தம் ஓடாமல் தோல் செத்துப் புண்ணாகிவிடுமாம். ஏர் பெட் இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும்.

ஜூன் 6

படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் வண்டி வந்தது. பொள்ளாச்சியில் வாக்கப்பட்ட என் சினேகிதியால் இதை நம்பவே முடியவில்லை: "நர்ஸ் வீடு தேடி வர்றாங்களா?" கேரளத்தில் 2008லேயே இதற்கென்று அரசு கொள்கை போட்டுவிட்டது.

சிஸ்டர் மூத்திர டியூபை மாற்றி, இடுப்பைப் பார்த்தார். புண் இல்லை. பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. கையுறையைக் கழற்றிக்கொண்டே, "உறங்ஙியோ?" என்றார். "நல்லாத் தூங்கினாங்க சிஸ்டர்."

"அம்மயல்ல, சேச்சி."

அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் வந்தார். கெட்டவர் இல்லை, டயப்பர் செலவு முழுக்க அவருடையதுதான். ஆனால் நாக்குக் குழறும் அம்மாவுக்கு அவர் பெயர் மட்டும் தெளிவாக வருகிறது. நான் எப்போதும் "ஏ புள்ள"தான்.

ஜூன் 12

ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி, ஆஸ்வாசகிரணம் என்ற அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பம் கொண்டுவந்தார். படுக்கையில் கிடப்பவரை முழுநேரம் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய். தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு மலையாள எழுத்து பாதிதான் பிடிபடும். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்து நிரப்பினாள். "என்ன வேலைன்னு போடட்டும் அக்கா?" தையல் என்றேன். டயப்பர் பாக்கெட்டுகள் அடுக்கியிருந்த மெஷினைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

ஜூன் 15

அலாரம் அடித்ததா, தெரியவில்லை. விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கொடிச்சேலை படபடத்தது. அம்மா அசையாமல் கிடந்தாள்.

அந்த நொடியில் முதலில் வந்தது பயம் இல்லை. இதை எழுதத்தான் நோட்டை எடுத்தேன். 'இனிமேல் தூங்கலாம்' என்பதுதான் முதலில் வந்தது. அப்புறம்தான் ஓடினேன்.

மூச்சு இருந்தது. புரட்டிப் பார்த்தேன். இடுப்பில் ஒரு ரூபாய்க் காசளவு சிவப்பு. சிஸ்டர் சொல்லித்தந்தபடி விரலால் அழுத்தினேன். வெளுத்து, மறுபடி சிவந்தது. வெளுத்தால் தப்பித்தோம், வெளுக்காவிட்டால்தான் புண்ணுக்கு ஆரம்பம்.

"ஏ புள்ள, காப்பி."

சர்க்கரை கொஞ்சம் கூடவே போட்டு, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன்.