அடியில் இருந்த ஆயிரம்

"அவர்கிட்ட ஏழாயிரத்து முந்நூறு, சரிதானே?" என்று இரண்டாம் இருக்கையில் இருந்த அந்தப் பெண்மணி கேட்டார். "நான் எண்ணிச் சொல்ல முடியாது மேடம், சிப்ஸ் எல்லாம் உங்க கண் முன்னாடிதான் இருக்கு" என்றேன். பேச்சு அவ்வளவுதான். அது ஒரு பிளாக்ஜாக் சீட்டாட்டப் போட்டி, நான் டீலர், அதாவது சீட்டு கொடுப்பவன். சிப்ஸ் என்பது பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள். 21ஐத் தாண்டாமல் என் சீட்டுத் தொகையை மிஞ்சினாலோ, நான் 21ஐத் தாண்டி உடைந்தாலோ ஆட்டக்காரர் ஜெயிப்பார், அவரே தாண்டினால் தோற்பார். விதிப்புத்தகத்தை வைத்துப் பார்த்தால் என் பதிலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எதிரே ஐந்தாம் இருக்கைக்காரரிடம் இருந்தது 7,300 இல்லை, 8,200. அது எனக்குத் தெரியும். ஏழு மாதம் ஆகிறது, இன்னும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு தடவை சீட்டு பகிர்ந்து ஆடி முடிப்பது ஒரு கை. இது முப்பதாவது கை, கடைசி. மேசையில் மற்றவர்கள் எல்லாம் முன்பே காலி, இவர்கள் இருவர்தான் மிச்சம். முடிவில் சிப்ஸ் அதிகம் வைத்திருக்கும் ஒருவர்தான் அடுத்த சுற்றுக்குப் போவார். அந்தப் பெண்மணியிடம் 9,400. பெட், அதாவது பந்தயம், குறைந்தது 100, அதிகபட்சம் 5,000. யார் முதலில் என்று காட்டும் பட்டன் சுற்றி வந்ததில் முதலில் பெட் வைக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு. போட்டி பிளாக்ஜாக்கில் இது ஒரு சாபம், முன்னணியில் இருப்பவருக்கு இன்னும் பெரிய சாபம், ஏனென்றால் பின்னால் வருபவர் உங்கள் பெட்டைப் பார்த்துவிட்டு அதற்கு நேர் எதிராகத் தன் பெட்டை அமைத்துக்கொள்ளலாம். நீங்கள் பெரிதாக வைத்தால் அவர் சின்னதாக வைத்துவிட்டு நீங்கள் தோற்பதற்காகக் காத்திருப்பார். நீங்கள் சின்னதாக வைத்தால் அவர் 5,000ஐத் தள்ளிவிட்டுத் தான் ஜெயித்தால் போதும் என்று உட்கார்ந்துவிடுவார்.

இதற்கு ஒரு தற்காப்பு உண்டு. முன்னிலை எவ்வளவோ அதைவிடக் கொஞ்சம் குறைவாக வைப்பது. அப்போது நீங்கள் தோற்றாலும் எதிராளியின் கையிருப்பைவிட ஒரு படி மேலேயே இருப்பீர்கள், அவர் கையை ஜெயித்தே தீர வேண்டும். சாதாரண ஆட்டத்தில் நூறு கைக்கு ஏறக்குறைய 43 ஜெயிப்பு, 49 தோல்வி, மீதி எட்டு சமன். ஆக, எதிராளியை ஜெயித்தே ஆக வேண்டிய நிலைக்குத் தள்ளிவிட்டால் 57 பங்கு உங்கள் பக்கம். முதலில் பெட் வைக்கும் முன்னணிக்காரருக்கு இதைவிட நல்ல வழி அந்தக் கையில் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்தப் பெண்மணிக்கு இது அத்துப்படி. அவர் 2,000 வைத்தார். தோற்றால் மிச்சம் 7,400, அதாவது எதிராளியிடம் இருப்பதாக அவர் நினைத்த 7,300க்கு நூறு மேலே. அந்த 2,000 வட்டத்துக்குள் வந்து விழுந்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் கணக்கில் பிசகு இல்லை, எண்ணியதில்தான் பிசகு. உண்மையான முன்னிலை 1,200, அவர் வைத்திருக்க வேண்டியது 1,100.

எப்படித் தப்பாக எண்ணினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் இருக்கைக்காரரிடம் ஆயிரம் மதிப்புள்ள சிப்புகள் ஐந்து முன்வரிசையில் இருந்தன. அதை ஒட்டி நூறு மதிப்புள்ள சிப்புகள் இரண்டு அடுக்கு, முன் அடுக்கில் பத்து, பின் அடுக்கில் பதின்மூன்று. அந்தப் பதின்மூன்றில் அடியில் இருந்தது நூறு இல்லை, ஆயிரம். 27ஆம் கையில் அவர் ஆயிரம் ஜெயித்தபோது நான்தான் அதைக் கொடுத்தேன். அவர் எடுத்துப் பின்னால் வைத்து, அதன்மேல் நூறுகளை அடுக்கினார். நான் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அடியில் மஞ்சள் விளிம்பு நன்றாகவே தெரியும். இரண்டாம் இருக்கையிலிருந்து பார்த்தால் முன் அடுக்கு அதை மறைத்துவிடும், உயரத்தை வைத்துத்தான் எண்ண முடியும். அவர் அந்த ஆயிரத்தையும் ஒரு நூறாகச் சேர்த்துவிட்டார்.

வேண்டுமென்றே மறைத்தாரா? தெரியாது. பல பேர் கை போன போக்கில் அடுக்குவார்கள். 12ஆம் கை வாக்கில் ஒரு தடவை "பெரிய சிப்ஸை முன்னாடி வைங்க சார்" என்று சொன்னேன், உடனே சரிசெய்தார், முகம்கூடச் சுளிக்கவில்லை.

எங்கள் போட்டியில் கடைசி ஐந்து கைகளுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை எல்லோருடைய சிப்ஸையும் எண்ணி அறிவிப்போம். அதற்குப் பிறகு டீலர் எண்ணிக்கை சொல்லக் கூடாது, அவரவர் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதே விதியின் மறுபாதி, பெரிய சிப்ஸ் எல்லோருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்வது டீலர் வேலை. முதல் பாதியைச் சொல்லி நான் வாயை மூடிக்கொண்டேன், இரண்டாம் பாதியைச் செய்யவே இல்லை.

என் தரப்பு நியாயம் இது. அவர் கேட்ட பிறகு நான் ஐந்தாம் இருக்கையைப் பார்த்து "அந்த ஆயிரத்தை முன்னாடி எடுத்து வைங்க" என்று சொல்லியிருந்தால், அது அவர் கேள்விக்கு நான் சொன்ன பதில் ஆகியிருக்கும். "உங்க எண்ணிக்கை தப்பு மேடம்" என்று நேராகச் சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஐந்தாம் இருக்கைக்காரர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டிருப்பார், கூப்பிட அவருக்கு உரிமையும் உண்டு. கேட்பதற்குப் பத்து நொடி முன்னால் அதே வாக்கியம் விதி, கேட்ட பிறகு உதவி. இந்த வாதம் எனக்கு ரொம்ப நாள் பிடித்திருந்தது. அப்புறம் ஒரு நாள் தோன்றியது, அந்தப் பத்து நொடிக்கு முன்னால் இரண்டு முழுக் கைகள் போயிருக்கின்றனவே, அப்போதெல்லாம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? வேகம், நேரம், பக்கத்து மேசைகள் முடிந்துவிட்டன என்ற நெருக்கடி. இந்தக் கை முடியட்டும், சொல்லலாம் என்று இருந்தேன். எல்லாம் உண்மைதான். ஆனாலும் ஒரு ஆயிரம் சிப்பைப் பற்றிச் சொல்ல மூன்று நொடி போதும்.

சில போட்டிகளில் மறைப்பதற்கே இடம் உண்டு. 2006இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த அல்டிமேட் பிளாக்ஜாக் டூரில் 8, 16, 25ஆம் கைகள் முடிந்ததும் குறைந்த சிப்ஸ் வைத்திருந்தவர் வெளியேற வேண்டியிருந்தது, அங்கே ஒரு ஆட்டக்காரர் ஒரு தடவை மட்டும் தன் பெட்டைக் காட்டாமல் ரகசியமாக எழுதிக் கொடுக்க முடிந்தது. அது நியாயமான மறைப்பு, யார் எப்போது மறைக்கிறார் என்று மேசைக்கே தெரியும். ஒருவருக்கு மட்டும் தெரியாமல் மேசையில் கிடக்கும் ஆயிரம் வேறு விஷயம்.

சரி, அந்தக் கைக்கு வருகிறேன். அவர் 2,000 வைத்த பிறகு ஐந்தாம் இருக்கைக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரே ஒரு நூறு சிப்பை எடுத்து வைத்தார். அந்த நொடிதான் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 7,300 மட்டும் இருக்கிற ஒருவர் நூறு வைக்கவே மாட்டார், வைத்தால் தற்கொலை. 8,200 இருக்கிறவர்தான் நூறு வைப்பார், முன்னணியில் இருப்பவர் தோற்றால் போதும் என்று. அந்தப் பெண்மணியின் கண் வட்டத்திலிருந்த அந்த ஒரு சிப்பைப் பார்த்தது, அங்கிருந்து அடுக்குக்குப் போனது, அடுக்கிலிருந்து என் முகத்துக்கு வந்தது. நான் ஷூவை, அதாவது சீட்டு வைத்திருக்கும் பெட்டியை, பார்த்துக்கொண்டு "பெட் முடிந்தது" என்று சொல்லிச் சீட்டை இழுத்தேன்.

அந்தப் பெண்மணிக்குப் பத்தும் ஆறும், பதினாறு. ஐந்தாம் இருக்கைக்குப் பத்தும் மூன்றும். எனக்குத் திறந்திருந்த சீட்டு ஒன்பது. அவர் மேசையைத் தட்டிச் சீட்டு கேட்டார், ஏழு வந்தது, 23, போச்சு. அடுத்தவர் பதின்மூன்றோடு, சீட்டு வேண்டாம் என்று கையை அசைத்து நின்றுகொண்டார், அவருக்கு இனி எதுவும் தேவையில்லை. நான் மூடியிருந்த சீட்டைத் திறந்தால் ஆறு, 15. இழுத்தேன், எட்டு, நானும் 23.

அதாவது அவர் பதினாறோடு நின்றிருந்தால் அடுத்த சுற்றுக்குப் போயிருப்பார், நான் ஏழையோ எட்டையோ இழுத்து உடைந்திருப்பேன். ஆனால் ஒன்பதுக்கு எதிராகப் பதினாறில் சீட்டு கேட்பதுதான் சரி, யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

மூன்று ராத்திரி உட்கார்ந்து இன்னொன்றும் கணக்குப் போட்டேன். அவர் சரியாக எண்ணி 1,100 வைத்திருந்தால்? எதிராளி 5,000 வைத்திருப்பார், பதின்மூன்றில் நின்றிருக்க மாட்டார், சீட்டு கேட்டிருப்பார். அந்தப் பெண்மணி ஏழை வாங்கி உடைந்திருந்தால் இவருக்கு எட்டு வந்து 21, நானும் சரியாக 21 எடுத்தால் மட்டும் அந்தப் பெண்மணி தப்பித்திருப்பார். அவர் நின்றிருந்தால் ஏழு இவருக்குப் போய் 20, எட்டு எனக்கு வந்து நான் உடைந்திருப்பேன். அந்த ஒரு வாய்ப்பை விட்டால், எப்படிப் பார்த்தாலும் ஐந்தாம் இருக்கைதான். சதவீதமாகப் பார்த்தாலும் என் மௌனம் எதிராளிக்குக் கொடுத்தது நூறில் ஆறு பங்குதான், 43 என்பது 49 ஆனது, அவ்வளவே. இதைக் கண்டுபிடித்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும், இதை நிரூபிக்க எனக்கு மூன்று ராத்திரி ஏன் தேவைப்பட்டது என்று தோன்றியது.

சூப்பர்வைசரிடம் அன்றைக்கே சொன்னேன். "நீ சொன்ன பதில் சரி, எண்ணுறது அவங்க பொறுப்பு" என்றார். கிளம்பும்போது திரும்பி, "அடுக்கை ஏன் முன்னாடியே சரி பண்ண சொல்லலை?" என்று கேட்டார். கவனிக்கவில்லை என்றேன்.

18ஆம் கையில் நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பெண்மணிக்கு பிளாக்ஜாக், அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே 21, வந்தது, 300 பெட், மூன்றுக்கு இரண்டு கணக்கில் 450 கொடுக்க வேண்டும், நான் அவசரத்தில் 400 வைத்துவிட்டேன். "இன்னும் அம்பது வரணும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவர் சொன்னது சரி. எனக்குக் காது சூடானது. 30ஆம் கையில் அது என் நாக்கைக் கட்டிப்போட்டதா என்று என்னையே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில் வருகிறது, ஆனால் கொஞ்சம் சீக்கிரமாகவே வருகிறது.

எல்லாம் முடிந்து சிப்ஸைச் சேகரித்துக்கொண்டிருந்தபோது அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. பின் அடுக்கை நான் பிரித்தேன், கடைசியில் மஞ்சள் சிப் வந்தது. பார்த்தார். கோபமெல்லாம் இல்லை.

"அது அங்கேயே இருந்துதா?"

"ஆமா மேடம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கவனிக்கலை மேடம்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.