கம்போங் கிளாமில் போத்தல் தேடி

ஜூலை 5, சனி

ஊரிலிருந்து சிங்கப்பூர் வந்திருக்கும் அக்கா மகள், கம்போங் கிளாம் வட்டாரத்து ஹாஜி லேன் பார்க்க வேண்டும் என்றாள். பூகிஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தோம். இரண்டு கார் ஒதுங்க இடமில்லாத சந்து. சுவரெல்லாம் ஓவியம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் படமெடுக்க வரிசை. ஜாவாவிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள் கப்பலுக்காகக் காத்துக் கிடந்த வட்டாரம் இது. இப்போது காபிக்குக் காத்திருக்கிறோம். எட்டு சிங்கப்பூர் வெள்ளி.

"ஐநூத்தி இருபது ரூபாயா மாமா? பாதிக்கு மேல நுரை."

அப்புறம் அராப் ஸ்திரீட். அஞ்சடி எனும் கடை முன் நடைபாதையில் சுருட்டி நிறுத்திய கம்பளங்கள், உள்ளே பட்டுத் துணி. ஓர் அத்தர்க் கடை பாய் கண்ணாடிக் குச்சியை அவள் மணிக்கட்டில் ஒற்றினார். ஆல்கஹால் கலக்காத அத்தர், மெதுவாகத்தான் எழும்பும், தேய்க்காதே என்றார். கிளம்பும்போது, "சுல்தான் பள்ளிவாசல் குவிமாடத்துல போத்தல் பாத்தீங்களா?" என்று கேட்டார். இங்கே இருபது வருடமாக இருக்கிறேன். பார்த்ததில்லை. அதற்குள் இருட்டிவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

மழை. போகவில்லை. குளித்தும் அத்தர் வாசம் போகவில்லை என்கிறாள்.

ஜூலை 12, சனி

காலையிலேயே பள்ளிவாசலுக்கு எதிரே புசோரா ஸ்திரீட்டில் நின்றோம். தங்க நிறக் குவிமாடம். அதன் அடியில் ஒரு கறுப்புப் பட்டை. ஏதோ வண்ணப்பூச்சு என்றே நினைத்திருந்தேன். கைப்பேசியில் பெரிதாக்கினால் வட்டம் வட்டமாகக் கண்ணாடி, வரிசை வரிசையாகப் போத்தல்களின் அடிப்பாகம்!

ஜொகூர் சுல்தான் ஹுசைனுக்காக 1824-இல் கட்டத் தொடங்கிய முதல் பள்ளிவாசலுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி 3,000 வெள்ளி கொடுத்தது. அது இடம் போதாமல் போனதால், கட்டடக் கலைஞர் டெனிஸ் சான்ட்ரி வரைந்த இன்றைய கட்டடம் 1932-இல் முடிந்தது. பணம் கொடுக்க முடியாத ஏழைகள் போத்தல் கொடுத்தார்களாம். அதைக் கொண்டுபோய்ப் பின்பக்கச் சுவரில் பதிக்காமல் தங்கத்துக்குக் கீழேயே பதித்தவர் யாரோ, அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

இந்த வட்டாரத்தை 1989-இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் பகுதியாக்கியதால் கடைவீடுகளும் தப்பின. எட்டு வெள்ளிக் காபியும் அந்தக் கூரைக்கு அடியில்தான், சரி.

நார்த் பிரிட்ஜ் ரோட்டில் ஆட்டிறைச்சி வைத்து மடித்த ரொட்டியான முர்தபா. "முட்டை பரோட்டாவுக்கு அண்ணன்" என்றாள். அத்தர்க் கடையில் எட்டிப் பார்த்துச் சொன்னோம், போத்தலைப் பார்த்துவிட்டோம் என்று.

"எத்தனை எண்ணுனீங்க?"

நாற்பதில் கணக்கு விட்டுப்போனது.